இரண்டாவது முறை விழுந்தபோது

புளி உலுக்கி, ஓடு தட்டி, மொட்டை மாடியில் பாய் விரித்துக் காயப் போட்டிருந்தோம். 2011-ம் வருஷம், பங்குனி மாசம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் பள்ளிகொண்டாவில் இறங்கி ஊருக்கு வந்து சேரும்போது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. நனைந்தால் புளி கறுத்துவிடும். சாப்பாட்டுப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு நேராக மாடிக்கு ஓடினேன். பாயின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். எங்கள் மாடிக்கு அப்போது கைப்பிடிச் சுவர் இல்லை. கீழே துணி துவைக்கிற கல்.

எனக்கு 22 வயது.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்து ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால் என்று பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். பதறிப்போய்ச் செய்த உதவி, யார் மீதும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தென்னை மரத்திலிருந்தோ கிணற்றிலோ மாடியிலிருந்தோ விழுந்தவரை மடக்கித் தூக்கக் கூடாது. எலும்பு உடைந்திருந்தால் அந்த மடக்கலில் உள்ளே ஓடுகிற தண்டுவடம் இன்னும் நசுங்கும். 108-க்குப் போன் போட்டுவிட்டு ஆளை அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கியே ஆகவேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து, கழுத்தும் முதுகும் ஒரே கோடாக இருக்கும்படி ஒரு பலகைக்கு மாற்றுங்கள்.

மார்புப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது உடைந்திருந்தது. டி-10 என்று சீட்டில் எழுதினார்கள். தொப்புளுக்குக் கீழே தொட்டால் தெரியாது. மூத்திரம் வருவது தெரியாது. கால் இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

அந்த விழுதலைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள், சொல்லியும் இருக்கிறேன். அதற்கப்புறம் வந்த ஐந்து வருஷத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அந்த ஐந்து வருஷமும் நான் மறுபடி விழாதபடி பார்த்துக்கொண்டார்கள். கல் மீது விழுந்தது என் இடுப்புக்குக் கீழே எடுத்துக்கொண்டது. விழாமல் பார்த்துக்கொண்டது மீதியையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தது. நான் எழுத வந்தது இதைத்தான்.

ஆபரேஷன் முடிந்து, மறுவாழ்வுப் பயிற்சியும் முடிந்து வீட்டுக்கு வரும்போது எனக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தன. கட்டிலிலிருந்து சேருக்கு, அதாவது சக்கர நாற்காலிக்கு, மாறுவது, டியூப் போட்டு மூத்திரம் எடுப்பது, கால் மணிக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிப் புட்டத்துக்கு ரத்தம் ஓடவிடுவது. எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டில் அது நிற்கவில்லை. "அசையாதமா, விழுந்துடுவ" என்று அம்மா கையைப் பிடித்துக்கொள்வாள். நைனா ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக் கொடுத்தார். அண்ணன் என்னைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் விடுவான். சேர் கதவுக்குப் பின்னால் மடங்கி நின்றது, அதன் மேல் ஒரு பழைய புடவை. பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உச்சுக் கொட்ட ஆரம்பிப்பார்கள். ஆயா மட்டும் என் தலைமாட்டில் உட்கார்ந்து, "நம்மூரு பெருமாளே படுத்துனுதானே கீறாரு, நீ இன்னாத்துக்கு அழுவுற" என்பாள். பள்ளிகொண்டாவில் பாம்பணையில் படுத்திருக்கும் உத்தர ரங்கநாதரைத்தான் சொல்வாள். அந்த நேரத்தில் எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

படுத்தே இருந்தால் உடம்பு என்ன ஆகும் என்பதை நான் என் உடம்பில் படித்தேன். மூச்சு சுருங்கியது. சளி பிடித்தால் இருமித் துப்பத் தெம்பு இல்லை, ஏனென்றால் இருமலைத் தள்ளிவிடுகிற வயிற்றுத் தசை பாதிதான் வேலை செய்கிறது. வயிறு மூன்று நாளைக்கு ஒருமுறை இறங்கும். எடை ஏறியது. இரண்டாவது வருஷம் இடுப்புக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு வந்தது. வலி தெரியாததால் கவனிக்கவில்லை. அது படுக்கைப்புண்ணாகி, உள்ளே குழி விழுந்து, இரண்டு மாசம் குப்புறவே படுத்திருந்தேன். இத்தனைக்கும் என் வீட்டார் என்னை உயிராகப் பார்த்துக்கொண்டவர்கள்.

2016-ல் மறுபரிசோதனைக்காகப் பாகாயம் போனேன். வேலூர்க்காரர்களுக்குப் பாகாயம் என்றால் சிஎம்சி மறுவாழ்வு நிலையம் ஞாபகம் வரும். அதன் கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிய வேண்டிய கதை. மேரி வர்கீஸ் கேரளத்தில் பிறந்து, வேலூரில் படித்த டாக்டர். 1954-ல் ஒரு கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்தன. அதற்கப்புறமும் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷன்களைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் தனக்கே பயிற்சி எடுத்துக்கொண்டார், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பி வந்தார். 1963-ல் அந்தத் துறை அவர் கையில் வந்தது. 1966-ல் பாகாயத்தில் நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. நான் முதன்முதலில் சேரில் உட்காரப் பழகிய கூடத்தை, சேரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கட்டியெழுப்பினார் என்பது எனக்கு அங்கே இருந்தபோது உறைக்கவில்லை. பிறகு உறைத்தது.

அன்றைக்கு அங்கே வெளிப்பக்கம் மர நிழலில் ஒரு அக்காவைப் பார்த்தேன். போலியோ. வயது நாற்பதுக்கு மேல். நான் ஏறியிருந்த சேரின் கைப்பிடியை அம்மா பிடித்திருந்தாள். அந்த அக்கா என் தோளைத் தொட்டு அழுத்திப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பார்க்கிற மாதிரி. "ஷூ கம்பெனியில மெஷின் ஓட்டுன கையா? ஞாயித்துக்கெழம வா, பந்து கொடுக்கிறேன்" என்றார். அம்மா, "இன்னாத்துக்குமா இவளுக்கு அதெல்லாம், எங்கியாவது விழுந்தா?" என்றாள். அக்கா சொன்னார், "விழுவாம எப்படி வெளாடுறது?"

அவர் கூப்பிட்டது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிற கூடைப்பந்துக்கு. இந்தச் சக்கர நாற்காலி விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் படித்தேன். இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் தண்டுவடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஓரிரு வருஷத்துக்குள் போய்விடுவார்கள். கொல்வது அடி இல்லை. படுக்கைப்புண்ணும் மூத்திரத் தொற்றும்தான். நாஜிகளிடம் தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் இப்படி அடிபட்ட சிப்பாய்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்து உயிரைக் காப்பாற்றினார். காப்பாற்றியதோடு விடவில்லை. பிழைத்தவர் படுக்கையிலேயே கிடந்தால் எதற்குப் பிழைத்தார் என்ற கேள்வி அவருக்கு இருந்தது. விளையாட வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், 16 பேரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வில்லைக் கையில் கொடுத்தார். 1960-ல் ரோமில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் வந்தார்கள். பாராலிம்பிக்ஸ் என்று இன்றைக்கு நாம் டிவியில் பார்ப்பதற்கு அதுதான் முதல்.

அவர் வில்லைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் எனக்குப் படுகிறது. நாணை இழுத்துப் பிடிக்க வேண்டுமென்றால் தோளும் முதுகும் வேலை செய்ய வேண்டும், உட்கார்ந்த உடம்பு சாயாமல் நிற்க வேண்டும். பயிற்சிக் கூடத்தில் என்னைப் பாயில் சாய்மானம் இல்லாமல் உட்காரவைத்து, தெரப்பிஸ்ட் பந்தை இடமும் வலமுமாக வீசுவார். பிடிக்கப் போனால் சாய்வேன். அது விளையாட்டு மாதிரி இருந்தாலும் அன்றைக்கு எனக்கு வைத்தியமாகத்தான் பட்டது, எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அதே பந்தைப் பிடிக்கப் போய்ச் சாய்ந்தபோது கடிகார ஞாபகமே வரவில்லை. வேலை ஒன்றுதான். ஆனால் ஒன்றைக் கட்டாயத்துக்காகச் செய்தேன், இன்னொன்றை அடுத்த பந்துக்காகச் செய்தேன்.

மைதானம் என்றால் வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் சிமென்ட் தரை. காலையில் ஆறு மணிக்கே போய்விட வேண்டும், எட்டரைக்கு மேல் அங்கே இருக்க முடியாது. அண்ணன் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டான். ஏழெட்டு சேர்கள். தென்னை மரத்திலிருந்து விழுந்த அணைக்கட்டு அண்ணன் ஒருவர், பைபாஸில் லாரி மோதிய டிரைவர் ஒருவர், போலியோக்காரர்கள் இரண்டு மூன்று பேர், கழுத்தில் அடிபட்ட ஒரு தம்பி. என்னைத் தவிர இன்னொரு பெண், அந்த அக்கா.

விளையாட்டுச் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சேர் கனம், முன்னால் தள்ளினால் வேண்டாவெறுப்பாக நகரும். இது அப்படியில்லை. சக்கரங்கள் மேலே உள்வாங்கியும் கீழே அகன்றும் சாய்ந்திருக்கும். கை வைத்ததும் திரும்பும், பக்கவாட்டில் சுலபத்தில் கவிழாது. பின்னால் மல்லாந்து விழாமலிருக்கச் சின்னதாக ஒரு சக்கரம். தொடையிலும் இடுப்பிலும் பெல்ட். முதல் தடவை பெல்ட்டை இறுக்கிவிட்டு ஒரு தள்ளு தள்ளினேன். நான் நினைத்ததைவிட ரொம்ப தூரம் போய்விட்டது. காற்று முகத்தில் பட்டது. ஐந்து வருஷமாக என் முகத்தில் பட்ட காற்றெல்லாம் ஃபேன் காற்றுதான்.

சட்டம் சுலபம். கூடை நிற்கிறவர்களுக்கு இருக்கிற அதே 10 அடி உயரத்தில்தான், தாழ்த்துவதில்லை. தரையும் அதே 28-க்கு 15 மீட்டர். பந்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தள்ளு தள்ளலாம், அப்புறம் தட்டவோ கொடுக்கவோ வேண்டும். முதல் மாசம் என் பந்து கூடையின் வலையைக்கூடத் தொடவில்லை. காலிலிருந்து வருகிற உந்து எனக்கு இல்லை, எல்லாம் தோளிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும்தான் வர வேண்டும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கோச் என்னைத் திட்டினார். "பந்து வருது, நீ இன்னா பராக்கு பாத்துனு கீற?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பயந்துபோனார். அழுகைக்குக் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. அடிபட்டதிலிருந்து என்னை ஒருவரும் திட்டியதில்லை. கம்பெனியில் தையல் கோணினால் சூப்பர்வைசர் பீஸைத் தூக்கி மெஷின் மேல் போடுவார், வீட்டில் அம்மா கரண்டியைக் காட்டுவாள். விழுந்ததிலிருந்து என் தப்புகளையெல்லாம் எல்லோரும் மன்னித்துக்கொண்டே இருந்தார்கள். கோச் மன்னிக்கவில்லை. என்னால் முடியும் என்று நினைக்கிறவர்தானே கோபப்படுவார்?

சரி, விழுந்த கதை. மூன்றாவது மாசம் என்று நினைக்கிறேன். பந்து கோட்டுக்கு வெளியே போகப் பார்த்தது. நான் ஒருபக்கமிருந்து பாய்ந்தேன், லாரி மோதிய டிரைவர் அண்ணன் எதிர்ப்பக்கமிருந்து வந்தார். சக்கரமும் சக்கரமும் இடித்த சத்தம் பெரிதாகக் கேட்டது. என் சேர் ஒரு கணம் ஒற்றைச் சக்கரத்தில் நின்றது. அந்தக் கணத்தில் எனக்குப் புளிப் பாயின் முனைதான் கையில் இருக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் பக்கவாட்டில் கவிழ்ந்தேன். கையை ஊன்றாதே, தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், தோளோடு உருண்டு போ என்று அக்கா சொல்லிக் கொடுத்திருந்தார். பாதி செய்தேன். கன்னம் சிமென்டில் ஒட்டியிருந்தது. தரை இன்னும் குளிர்ச்சியாக இருந்தது, காலை ஏழு மணி. காதருகே பந்து துள்ளிக்கொண்டே போனது கேட்டது. ஆட்டம் நிற்கவில்லை. அடிபட்டிருந்தால் ஒழிய ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள்.

மைதான ஓரத்தில் அம்மா அலறினாள். ஓடிவரப் பார்த்தவளை அக்கா கையை நீட்டித் தடுத்தார். "அவளே எழுந்துப்பா, இரு."

பெல்ட் போட்டிருந்ததால் சேர் என்னோடு ஒட்டித்தான் கிடந்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றினேன். மறு கையால் மேலிருந்த சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். பாதி எழுந்து மறுபடி விழுந்தேன். இரண்டாவது தடவையும் முடியவில்லை. மூன்றாவது தடவைக்கு டிரைவர் அண்ணன் திரும்பி வந்து தன் சக்கரத்தை என் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார், கை கொடுக்கவில்லை. எழுந்துவிட்டேன். முழங்கை வழிந்து ரத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவுதானா, விழுவது என்றால் இவ்வளவுதானா என்று இருந்தது.

வீடு வரும்வரை அம்மா பேசவில்லை. ராத்திரி முழங்கைக்கு மஞ்சள் பற்றுப் போட வந்தவளிடம் டெட்டால் போதும் என்றேன். துடைத்துக்கொண்டே, "பந்து கெடச்சுதா?" என்று கேட்டாள்.

விளையாடப் போன ஆறேழு மாசத்தில் உடம்பில் என்ன மாறியது என்று சொல்கிறேன். முதலில் மாற்றம் தெரிந்தது தூக்கத்தில். ராத்திரியில் என் கால்கள் தானாக வெட்டி வெட்டி இழுக்கும். விளையாடிய அன்றைக்கு அந்த இழுப்பு குறைந்தது. மூச்சு நீண்டது. சளி பிடித்தால் இருமித் துப்ப முடிந்தது. வயிறு ஒரு நேரத்துக்கு வந்தது, இது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எங்களுக்குத்தான் தெரியும். கட்டிலிலிருந்து சேருக்கு, சேரிலிருந்து ஆட்டோ சீட்டுக்கு அண்ணன் தூக்காமலே மாறிக்கொள்ள ஆரம்பித்தேன். கையை ஊன்றி உடம்பைத் தூக்கினால் முன்பு ஐந்து எண்ணும் முன்னால் கை நடுங்கும். இப்போது ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கிறேன். புண் வராமல் இருப்பதற்கு அது ஒன்றே பாதிக் காரணம்.

இருதய விஷயம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெரியது. நடக்காத உடம்பில் பெரிய தசைகள் சும்மா கிடக்கின்றன. கொழுப்பு சேர்கிறது, சர்க்கரை ஏறுகிறது. அடிபட்டுப் பல வருஷம் ஆனவர்களுக்கு மாரடைப்பும் ஒரு பெரிய எதிரியாக வந்து நிற்கிறது. 2018-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, தண்டுவடம் அடிபட்ட பெரியவர்களுக்கென்றே ஒரு அளவு சொன்னார்கள். உடல் வலுவுக்கு வாரத்தில் 2 நாள், 20 நிமிஷமாவது மூச்சு வாங்கும் பயிற்சி, கூடவே 2 நாள் தசைப் பயிற்சி. இருதயத்துக்கும் சர்க்கரைக்கும் பலன் வேண்டுமென்றால் மூச்சு வாங்கும் பயிற்சி வாரத்தில் 3 நாள், 30 நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். அதனால் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் எங்கள் தெருவில் வீட்டிலிருந்து தண்ணீர் டேங்க் வரை தள்ளிக்கொண்டு போய் வருகிறேன். முதலில் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது பிள்ளைகள் கூடவே ஓடிவருகிறார்கள்.

விளையாட்டு எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போன உணர்ச்சி திரும்பாது. கால் எலும்பு வலுவாகாது, அது மெலிந்துகொண்டுதான் போகும். அதனால் விழும்போது கால் சிக்காமல் பெல்ட் சரியாக இருக்க வேண்டும். எங்களுக்குத் தோள்தான் கால். அது போனால் எல்லாம் போச்சு. சக்கரத்தைப் படபடவென்று தட்டாமல் நீளமாகப் பிடித்துத் தள்ளவும், மார்புத் தசைக்குச் சமமாக முதுகுத் தசைக்கும் பயிற்சி கொடுக்கவும் கோச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆடி முடித்து வேர்வையோடு சேரில் போட்டிருக்கிற அதே மெத்தையில் உட்கார்ந்திருந்தால் தோல் உரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு அப்புறமும் ராத்திரி கைக்கண்ணாடி பிடித்துப் பின்பக்கம் முழுக்கப் பார்க்கிறேன்.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். அடிபட்ட இடத்துக்குக் கீழே எங்களுக்குச் சரியாக வேர்க்காது. வேர்க்காத உடம்பு சூட்டை வெளியே விடாது. கழுத்தில் அடிபட்ட தம்பிக்கு ஏறக்குறைய உடம்பு முழுக்க அப்படித்தான். அவன் பந்து ஆட வருவதில்லை. அவனைப் போல விரல் பிடிப்பு இல்லாதவர்களுக்கென்றே கிளப் த்ரோ என்று ஒரு போட்டி இருக்கிறது, மரக் கட்டை ஒன்றைத் தூக்கி எறிவது. அதற்குப் பயிற்சி எடுக்கிறான். பங்குனி பிறந்துவிட்டால் அவனுடைய அம்மா இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலோடு பக்கத்திலேயே நிற்பார். இரண்டு எறிக்கு ஒருமுறை முகம், கழுத்து, கை என்று தெளிப்பார். வேர்வைக்குப் பதில் அந்தத் தண்ணீர்.

ஒருநாள் அவன் திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்றான். முகம் சிவந்து, கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நின்றது. வெயில் என்று நினைத்து அவன் அம்மா படுக்கவைக்கப் போனார். அணைக்கட்டு அண்ணன் கத்தினார், "படுக்க வைக்காதீங்க, டியூப்ப பாருங்க!" பெல்ட்டுக்கு அடியில் மூத்திர டியூப் மடங்கியிருந்தது. நிமிர்த்தி உட்காரவைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, டியூப்பைச் சரி செய்ததும் பை நிறைந்தது, தலைவலி இறங்கியது. மார்புப் பகுதி முதுகெலும்பில் ஆறாவதிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு மூத்திரப்பை நிறைந்தாலோ, கீழே எங்காவது அழுத்தினாலோ ரத்த அழுத்தம் எகிறும். உயிருக்கே ஆபத்து. காரணத்தை நீக்கியும் இறங்கவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை அந்தத் தாய் அன்றைக்கு மைதானத்தில்தான் சரியாகப் புரிந்துகொண்டார்.

எனக்கு விளையாட்டைவிடப் பெரிய மருந்தாக இருந்தது ஆட்டம் முடிந்த பிறகு வரும் அரை மணி நேரம். டீ வரும். எல்லோரும் சேரில்தான், யாரும் குனிந்து யாரிடமும் பேச வேண்டியதில்லை. டியூப்பை எத்தனை மணிக்கு எடுக்கிறாய், கல்யாண வீட்டுக்குப் போனால் என்ன செய்கிறாய், மாதவிலக்கு நாளில் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்றெல்லாம் அக்கா என்னிடம் கேட்டார், சொன்னார். ஐந்து வருஷமாக ஒரு டாக்டரிடம் வெட்கப்பட்டுக் கேட்காமல் வைத்திருந்ததை எல்லாம் அந்த டீ நேரத்தில் கேட்டேன். மனசு சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இன்றைக்கும் சில ராத்திரி கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆனால் அப்படி ஒரு ராத்திரி வந்தால் யாருக்குப் போன் போடலாம் என்று எனக்குத் தெரியும். முன்பு தெரியாது.

புள்ளி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த சட்டம் அது. சக்கர நாற்காலி கூடைப்பந்தில் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி கொடுப்பார்கள். உடம்பு எவ்வளவு அதிகம் வேலை செய்கிறதோ அவ்வளவு அதிகப் புள்ளி. எனக்கு 2. தரையில் இருக்கிற ஐந்து பேரின் புள்ளியும் சேர்ந்து 14-ஐத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் நன்றாக முடிந்தவர்களை மட்டும் வைத்து ஒரு டீம் கட்டவே முடியாது. குறைந்த புள்ளிக்காரர்களும் இருந்தே ஆக வேண்டும். என் மாற்றுத்திறனாளி அட்டையில் ஒரு சதவீதம் போட்டிருக்கிறது, என்னிடமிருந்து எவ்வளவு போனது என்கிற கணக்கு. மைதானத்தில் போடுகிற கணக்கு என்னிடம் என்ன இருக்கிறது என்பது. அந்த 2 இல்லாமல் என் டீம் ஆட முடியாது.

நாடு முழுக்க இந்த வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். 1965 போரில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த முரளிகாந்த் பேட்கர் 1972-ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸில் நீச்சலில் தங்கம் வாங்கினார். இந்தியாவுக்குப் பாராலிம்பிக்ஸில் அதுதான் முதல் தங்கம். தண்டுவடத்தில் கட்டி வந்து கால்கள் செயலிழந்த தீபா மாலிக் 2016-ல் ரியோவில் குண்டு எறிதலில் வெள்ளி வாங்கினார். அந்த வெள்ளியை நான் அண்ணனின் போனில் பார்த்தேன். ஆனால் பதக்கம் வாங்கினால்தான் எங்கள் விளையாட்டுக்கு மதிப்பு என்று நினைக்காதீர்கள். எங்கள் மைதானத்துக்கு வருகிறவர்களில் யாரும் பதக்கத்துக்கு வரவில்லை. இருமித் துப்ப வருகிறோம். தூங்க வருகிறோம்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு, நாங்கள் விளையாட வசதி செய்து கொடுப்பது அரசின் கடமை என்கிறது. நாங்கள் ஆடப் போன ஒரு மைதானத்தில் கழிப்பறைக்கு மூன்று படி. டியூப் போட வேண்டிய பெண்கள் இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு ஆடினோம், வேலூர் வெயிலில். மூன்று படிக்கு ஒரு சாய்தளம் போட எவ்வளவு சிமென்ட் ஆகும்? நல்ல சேர் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும், அது எங்களால் முடியாது. சாய்தளம் முடியும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், மைதானத்தில் உங்களுக்குச் சொல்வாக்கு இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

போன பங்குனியில் வீட்டில் மறுபடி புளி காயப் போட்டார்கள். நான் விழுந்த அடுத்த மாசமே நைனா மாடிக்குச் சுவர் கட்டிவிட்டார், இடுப்பு உயரத்துக்கு. நான் அதைக் கீழிருந்துதான் பார்த்திருக்கிறேன். விழுந்ததிலிருந்து மேலே போனதில்லை. தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அண்ணன் பலதடவை சொல்லியிருக்கிறான். எனக்கு அது வேண்டாம்.

அன்றைக்குச் சேரை மாடிப்படி ஓரம் கொண்டுபோய் நிறுத்தினேன். முதல் படிக்கு முதுகைக் காட்டி இறங்கி உட்கார்ந்தேன். அம்மாவிடம் சேர் மெத்தையைக் கொடுத்து, அடுத்த படியில் வைக்கச் சொன்னேன். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி உடம்பைத் தூக்கி அடுத்த படி. கால்களை இழுத்துக்கொள்வது. மறுபடி கையை ஊன்றுவது. பதினேழு படி. ஒன்பதாவது படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன், அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் மெத்தையை நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

மேலே போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். சுவர் சுட்டது. பாய் முழுக்கப் புளி, அதே வாசனை. எட்டிப் பார்த்தால் அந்தக் கல் தெரியும் என்று எனக்குத் தெரியும், எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அம்மா ஒரு முறத்தை என் மடியில் வைத்துவிட்டு, "மேல வந்தவ சும்மா உக்காராத, கொட்டைய எடு" என்றாள்.